றோலண்ட் அண்ணனின் அழகுமுத்து

யாராவது பஸ்ஸை விட்டு இறங்கப் பார்த்தால் றோலண்ட் அண்ணன் தடுக்க மாட்டார். அவர்களுடைய பையை வாங்கிக்கொள்வார். தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில், சுப்பிரமணியம் முதலாளியின் தேநீர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக இதைப் பார்த்து வருகிறேன். ஹட்டன் போகும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். பஸ் நிரம்பாமல் கிளம்பாது. பின்னால் நிற்கும் பஸ் ஹோர்ன் அடித்ததும் உள்ளே இருப்பவர்களுக்குக் கால் பரபரக்கும். எழும்புகிறவரிடம் அண்ணன் போவார்.

"கொடுங்க பைய. முன் சீட்டு ஒங்களுக்குத்தான் வச்சிருக்கேன்."

பை டிரைவர் பக்கத்துக்குப் போய்விடும். பையை விட்டுவிட்டு ஆள் எங்கே போவது? உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே சீட்டை நாலு பேருக்குக் கொடுத்ததையும் கண்டிருக்கிறேன். அந்தச் சீட்டுக்கு மேலே மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கிறது. ஹட்டனில் இறங்கும்போது யாரும் அதை ஞாபகம் வைத்துச் சண்டைக்கு வருவதில்லை.

அண்ணன் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். இளவயதில் தோட்டத்துக் கால்பந்து அணிக்குக் கோல் காத்தவர். முழங்கால் உடைந்த பிறகு பந்தைத் தொடவில்லை. போன வருசம் மகள் ஜெனுஷா அவருடைய போனில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். அதில் நாம் பந்தை உதைக்க வேண்டியதில்லை. நாம்தான் அணியின் மனேஜர். யாரை இறக்குவது, யாரை வாங்குவது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறேன் என்பவனை எப்படிப் பிடித்து வைப்பது, எல்லாம் நம் பொறுப்பு. ஆட்டக்காரர்களுக்கு நாமே பேர் வைக்கலாம். அண்ணன் தன் பழைய தோட்டத்து ஆட்களின் பேர்களை வைத்தார். கோலுக்கு மாயாண்டி, நடுவில் சிவசாமி, ஓரத்தில் நல்லமுத்து, முன்னால் கோல் அடிக்க அழகுமுத்து.

எதிர்த் துணிக்கடை சதீஸ்குமாருக்கும் ஒரு அணி இருந்தது. டவுனில் கொஞ்சப் பேர் சேர்ந்து போனிலேயே லீக் நடத்தினார்கள். கடைசியில் இவர்கள் இருவரும்தான் முதலிடத்தில் சமமாக நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு அணிகளும் மோதும் கடைசி ஆட்டம். சதீஸ்குமார் ஜெயித்தால் அவன் அணியின் மஞ்சள் கொடி மழைக்காலம் முடியும்வரை அண்ணனின் பஸ்ஸில் தொங்க வேண்டும். அண்ணன் ஜெயித்தால் சதீஸ்குமார் ஒருநாள் மிதிபலகையில் நின்று ஹட்டனுக்கு ஆள் கூப்பிட வேண்டும். ஸ்டாண்டே இதைப் பற்றித்தான் பேசியது.

வெள்ளிக்கிழமை அண்ணன் போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகுமுத்து போறேங்கிறான்."

பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர், "எந்தத் தோட்டத்துப் பய? கொழும்புக்கா?" என்றார்.

"இவங்கிட்டதான்." அண்ணன் எதிரில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த சதீஸ்குமாரைக் காட்டினார்.

அணி மாற அன்றுதான் கடைசி நாள். சதீஸ்குமார் அவனைக் கேட்டு விளையாட்டில் விலை அனுப்பியிருந்தான். அழகுமுத்து இல்லாமல் ஞாயிறு ஆட்டத்தில் கோல் அடிக்க ஆளே இல்லை.

"ஏன் போறானாம்?" என்று கேட்டேன்.

"கேப்டன் ஆக்குறேன்னேன். சிவசாமிய ஆக்கிட்டேன்."

"அவன்கிட்ட மட்டுந்தான் சொன்னீங்களா?" சதீஸ்குமார் மெல்லக் கேட்டான்.

"நல்லமுத்துகிட்டயும் சொன்னேன். சிவசாமிகிட்டயும்."

சதீஸ்குமார் சிரித்த சிரிப்பில் பிளேன்டீ மேசையில் கொட்டியது. "அண்ணே, இது பஸ் இல்ல. இது சொன்னத ஞாபகம் வச்சிருக்கும்."

விளையாட்டில் போகிறேன் என்பவனோடு பேசலாம். ஆனால் மூன்று முறைதான். பேச வேண்டியதை அதுவே வரிசையாகக் காட்டும், நாம் ஒன்றைத் தொட வேண்டும். அண்ணன் அதைத் தமிழில் சத்தமாகச் சொல்லிச் சொல்லித் தொட்டார். முதலில், அடுத்த வருசம் கேப்டன் நீதான் என்றார். உங்கள் வாக்கை நம்ப முடியாது என்று பதில் வந்தது. அடுத்து, கேப்டன் சிவசாமியை விட்டுப் பேசச் சொன்னார். அழகுமுத்துவின் முகம் இன்னும் சிவப்பாகிவிட்டது. அதற்குள் நல்லமுத்துவும் கோபித்துக்கொண்டு சதீஸ்குமாரிடம் போய்விட்டான்.

ஒரே ஒரு முறை மிச்சம். அண்ணனின் விரல் போனுக்கு மேலேயே நின்றது. எனக்கு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. அண்ணனின் பஸ்ஸிலிருந்து, வழக்கமாக அதில் வரும் சுகிர்தம் டீச்சர் இறங்கினார். அண்ணன் பாய்ந்து போய்ப் பையைப் பிடித்தார்.

"டீச்சர், முன் சீட்டு ஒங்களுக்குத்தான்..."

"ஏங்க றோலண்ட், எத்தன வருசமா இதையே சொல்றீங்க. ஒருநாளாவது அதுல ஒக்காந்திருக்கேனா?"

"பின்ன ஏன் நம்ம பஸ்ஸுலயே வர்றீங்க?"

"மழையில ஓடி வந்தா நீங்க நிப்பாட்டுவீங்க. அதுக்குத்தான். சீட்டுக்கு யாரு வந்தா? இப்ப நான் தின்ன ஒரு பணிஸ் வாங்கத்தான் எறங்கினேன், பைய விடுங்க."

கடையே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. பையைக் கொடுத்துவிட்டு வந்து போனில் வரிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசி வரியில் நிறுத்தினார்.

"சொன்னத செய்யல, என் பிழை. கேப்டனாக்க முடியாது. ஒரு ஆட்டத்துலயும் ஒன்னைய வெளிய ஒக்கார வைக்கல. லீக் முடியட்டும், பொறகு போறதுன்னா நானே அனுப்புறேன்" என்று வாசித்தார்.

"அத தொடாதீங்க, ஓடிருவான்" என்றார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர்.

அண்ணன் தொட்டார். போனில் ஒரு வட்டம் சுற்றியது. சதீஸ்குமார் மேசைமேல் ஏறிப் பார்க்காத குறை. பிறகு சின்னதாகப் பச்சை நிறம் வந்தது. அழகுமுத்து இருப்பதாகச் சொல்லிவிட்டான். அண்ணன் வெளியே போய்ப் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். புறப்படும் நேரம் ஆகிவிட்டதென்று டிரைவர் ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் நிற்க இடமில்லை. முதல் கோலை அடித்தது நல்லமுத்து, எங்களை விட்டுப்போன அதே நல்லமுத்து. சதீஸ்குமார் துள்ளினான். அழகுமுத்து ஒன்றைத் திருப்பி அடித்தான். முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தபோது பார்த்தேன், அண்ணனின் பஸ்ஸில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் இறங்கி வந்து கடை வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த பஸ் கண்டக்டரும் அவர்களோடு நின்றார். அண்ணன் யாருடைய பையையும் பிடிக்கவில்லை. சிவசாமி தூக்கிக் கொடுத்த பந்தை அழகுமுத்து தலையால் உள்ளே தள்ளினான். நான் கையிலிருந்த கரண்டியால் தட்டத்தை அடித்துக்கொண்டிருந்தேன் என்று முதலாளி சொல்லித்தான் தெரியும்.

திங்கட்கிழமை சதீஸ்குமார் இஸ்திரி போட்ட சட்டையோடு மிதிபலகையில் நின்றான். "வாங்க, உள்ள வாங்க, சும்மா பாத்துட்டுப் போங்க" என்றுதான் அவனுக்குக் கூப்பிட வந்தது. பஸ் என்னவோ சீக்கிரம் நிரம்பியது.

லீக் முடிந்ததும் அழகுமுத்து போகக் கேட்டான். அண்ணன் அனுப்பினார். இப்போது அவன் சதீஸ்குமாரின் அணியில் இருக்கிறான், ஆட்டத்துக்கு ஒரு கோலாவது அடிக்கிறான். அண்ணனின் அணி மூன்றாவது இடத்தில் நிற்கிறது. பஸ்ஸில் யாராவது எழும்பினால், "இன்னும் கால் மணி நேரம் ஆகும், அவசரம்னா பின்னால நிக்கிற பஸ்ஸுல போங்க" என்கிறார். சிலர் போகிறார்கள். சுகிர்தம் டீச்சர் எப்போதும்போல அண்ணனின் பஸ்ஸிலேயே வந்து பின் சீட்டில்தான் உட்காருகிறார்.