பால்டின்னில் எரிந்தவை

புழு முட்டை போடும் என்று நான் நம்பினேன். அதுவும் வெள்ளையாக, குருணை அரிசி போல. அந்த நம்பிக்கையோடுதான் பத்து வயதில் எங்கள் வீட்டுக் கோசுப் பாத்தியைக் காப்பாற்றக் கிளம்பினேன். இப்போது திரிங்காப்பு என்ற மலையூரில் காய்கறி லோரி ஓட்டுகிறேன். தினமும் கோசோடு கோசாக அந்த வெட்கமும் லோரியில் ஏறிக்கொள்கிறது.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவர். வாரத்தில் ஆறு நாள் முதுகில் பம்பைச் சுமந்து மலை ஏறி இறங்குவார். வந்ததும் குளித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். வாய் கசக்கிறது, சோறு வேண்டாம் என்பார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவர்மேல் மருந்து வாடை இருக்காது. அன்று மட்டும் சிரிப்பார். அதனால் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னாலிருந்த பாத்திக்கு மருந்தே கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

அந்த வருடம் கோசில் பச்சைப் புழு விழுந்தது. இலையெல்லாம் சல்லடை. பக்கத்து வீட்டு அத்தை வேலியோரம் வந்து நின்றாள்.

"அண்ணன ஒரு தடவ அடிக்கச் சொல்லு லா. வீட்டுலயே மருந்துக்காரர வெச்சுக்கிட்டு, கோச புழுவுக்கா வளக்கிற?"

"அந்த மனுசன் ஞாயித்துக்கெழமையாச்சும் மூச்சு விடட்டும். இன்னும் ரெண்டு வாரம் பாப்போம்," என்றாள் அம்மா.

மறுநாள் இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் வெள்ளை வெள்ளையாகக் குருணை. பக்கத்திலேயே காய்ந்து சுருங்கிய புழு. பெற்றுப்போட்ட களைப்பில் செத்திருக்கிறது என்று தீர்ப்பு எழுதினேன். இத்தனையும் பொரித்தால் கோசு என்ன, வீட்டுக் கூரையே மிஞ்சாது. அன்று மத்தியானம் சோற்றை ஒவ்வொரு பருக்கையாக உருட்டிப் பார்த்துத் தின்றேன்.

"சோத்துல என்னடா தேடுற, மோதிரமா?" என்று அம்மா தலையில் தட்டினாள்.

செய்யவேண்டியது எனக்குத் தெரியும். தேயிலையில் குச்சிகளை ஒட்டிக் கூடு கட்டித் தொங்கும் ஒரு புழு உண்டு. பள்ளி விடுமுறையில் கங்காணி எங்களைச் செடி நிரைகளில் இறக்கிவிடுவார். அந்தக் கூடுகளைப் பொறுக்கி டின்னில் போட்டு எரிப்போம். அங்கே கற்ற வித்தையை இங்கே காட்டினேன். ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் வெள்ளைக் குருணையைக் கிள்ளிக் கிள்ளிப் பால்டின்னில் சேர்த்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். இலைமேல் சுற்றிய கறுப்புக் கொசுக்களையும் விடவில்லை. செருப்பால் அடித்தேன்.

புழு குறையவில்லை, கூடியது. போதாது என்று இன்னும் மும்முரமாகப் பொறுக்கினேன். கோசின் குருத்துவரை ஓட்டை விழுந்ததும் அம்மா இரண்டு வாரப் பேச்சை விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பம்பை எடுத்து மாட்டினார். நான் பால்டின்னைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடினேன்.

"அப்பா, முட்டையெல்லாம் எரிச்சிட்டேன். நீங்க அடிக்க வேணாம்."

அவர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். "நல்ல வேலக்காரன்தான்டா நீ. தள்ளிப் போய் நில்லு, காத்து இந்தப் பக்கம் வருது."

அன்று சாயங்காலமும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

போன மாதம் கியா பார்ம் பக்கத்துத் தோட்டமொன்றில் சரக்கு ஏற்றக் காத்திருந்தபோது, ஒரு கோசு இலையின் அடியில் அதே வெள்ளைக் குருணையைப் பார்த்தேன். பழக்கதோஷம், கட்டைவிரல் தானாகப் போனது. அங்கே வேலை செய்யும் ஒரு பையன் என் கையைப் பிடித்துவிட்டான்.

"அண்ணே, நசுக்காதீங்க லா. அது குளவிக் கூடு, நம்ம ஆளு. அது இருந்தா மருந்து பாதி போதும்."

கொசு அளவே இருக்கும் அந்தக் குளவி, உயிரோடிருக்கும் புழுவுக்குள் முட்டை வைக்குமாம். உள்ளே பொரித்த குஞ்சு புழுவைத் தின்று வளர்ந்து, வெளியே வந்து பக்கத்திலேயே வெள்ளைக் கூடு கட்டுமாம். அவன் சொல்லி முடித்த பிறகும் நான் லோரியில் ஏறாமல் நின்றேன்.

அம்மா கேட்டது இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் குளவிகள் புழுக்களைத் தீர்த்துக்கொண்டிருந்தன. நான் குளவிகளைத் தீர்த்தேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை மருந்தடித்தார்.