தேனாம்பேட்டையில் நான் இறங்கவில்லை

என் தகப்பனாரின் அடக்கத்துக்கு நான் வேண்டுமென்றே தாமதமாகப் போனேன்.

போக்குவரத்து நெரிசல் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். சென்னையில் இந்த ஒரு பொய்க்கு மட்டும் யாரும் சாட்சி கேட்பதில்லை. நாலு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது, அதுதான் எனக்கு வசதி.

எங்கள் வீடு மயிலாப்பூரில், கடைத்தெருவுக்குப் பின்னால், பள்ளிவாசல் இருக்கும் சந்தில். அத்தா பந்தல் சாமான் வாடகைக்கு விடுபவர். தேனாம்பேட்டையிலிருந்து அடையாறு வரை ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நாற்காலி அனுப்பியவர், என் கல்யாணத்துக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்காரவில்லை. நான் கட்டிக்கொண்டவள் வேறு மதத்துப் பெண். அவளை அழைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "எனக்கு ஒரு புள்ளதான்" என்று சொல்லி, என் தம்பி சலீமின் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் மஸ்கட்டுக்குப் போனேன். ஐந்து வருடம் பேச்சுவார்த்தை இல்லை. மன்னிக்கவே கூடாது என்று இருந்தேன். அப்படி இருப்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது... வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

ஒரு விடியற்காலையில் சலீம் அழைத்தான்.

"ண்ணா... அத்தா போயிட்டாருண்ணா. பஜர் தொழுதுட்டு வந்து படுத்தவரு எழுந்துக்கவே இல்ல. அஸர் வரைக்கும் வெச்சிருக்கோம். நீ வந்துரு. நான் வண்டி எடுத்துக்கினு ஏர்போர்ட்டுக்கு வர்றேன்."

"வேணாண்டா. நீ அம்மா கூட இரு. நானே டாக்ஸி புடிச்சி வந்துர்றேன்" என்றேன்.

அந்த நேரத்தில் அது பொய்யில்லை. நீங்கள் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

விமானத்தில்தான் எனக்கு அந்த வழக்கம் நினைவுக்கு வந்தது. எங்கள் பள்ளிவாசலில், இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை தொடங்குமுன் மூத்த மகன் எழுந்து நிற்பான். 'என் அத்தா உங்களில் யாரையாவது நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள்' என்று கூடியிருப்பவர்களைக் கேட்பான். மூத்த மகன் நான். அன்று வாசலில் நின்று வேடிக்கை பார்த்த அதே தெரு அங்கே வரிசையில் நிற்கும். நானே மன்னிக்காத ஒருவரை மன்னிக்கச் சொல்லி அவர்களிடம் நான் கெஞ்ச வேண்டும். எந்த வாயால் கேட்பேன்? கேட்காமல் நின்றால் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

மூன்று மணிக்கு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தேன். தோளில் ஒரு பை, அவ்வளவுதான். அடக்கம் அஸர் தொழுகை முடிந்து, ஐந்து மணிக்கு மேல்.

டாக்ஸிக்காரர் ஒருவர் தானாகவே வந்தார். "இன்னா சார், மயிலாப்பூரா? வா சார், முக்கா மணில வுட்டுர்றேன்" என்று கதவைக்கூடத் திறந்துவிட்டார். முக்கால் மணி! வேறு வண்டி வருகிறது என்று சொல்லி நகர்ந்தேன்.

திரிசூலத்துக்கு நடந்தால் மாம்பலம் போகும் மின்சார ரயில். நெடுஞ்சாலைக்கு வந்தால் தி.நகர் பேருந்து. மேலே ஏறினால் மெட்ரோ. விமானத்தை விட்டு இறங்குகிற எவனும் ஊருக்குள் போக எது சீக்கிரம் என்றுதான் பார்ப்பான். நான் எது மெதுவு என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தா வெள்ளைத் துணிக்குள் கிடக்கிறார், மகன் வண்டி பொறுக்கிக்கொண்டு நிற்கிறான்! இதை எழுதும்போதே கை கூசுகிறது.

கடைசியில் மெட்ரோவில் ஏறினேன். அதில் ஒரு தந்திரம் இருந்தது. மெட்ரோவில் ஏறியவனை, சீக்கிரம் வரப் பார்க்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. தேனாம்பேட்டையில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தால் நாலேகாலுக்கு வீடு. போகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரே ஓர் அம்மாள் துணிக்கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி விழுந்துகொண்டிருந்தார்.

கிண்டி. சின்னமலை. சைதாப்பேட்டை. நந்தனம்.

அடுத்த நிலையம் தேனாம்பேட்டை என்று அறிவித்தார்கள். பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டேன். கதவு திறந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.

யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. மயக்கம் வரவில்லை. பெயர் காதில் விழவில்லை என்றும் சொல்ல முடியாது. நாலு எட்டு வைத்திருந்தால் வெளியே. உட்கார்ந்தே இருந்தேன். கதவு மூடிக்கொண்டபோது எனக்கு வந்தது துக்கமில்லை... ஆசுவாசம்! பரீட்சைக்குப் போகாமல் ஊர்சுற்றப் போன பையனுக்கு வருமே, அந்த மாதிரி. இதைச் செய்தது நான்தானா என்று இன்றும் திகைக்கிறேன்.

ரயில் எங்கே முடிகிறதோ அதுவரை போனேன். விம்கோ நகர். மயிலாப்பூருக்கு நேர் எதிர்த்திசையில், வடசென்னையின் கோடி. அங்கே நடைமேடை இருக்கையில் உட்கார்ந்தேன். உடனே திரும்பியிருந்தால்கூட ஐந்தேகால், ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். என் கண்முன்னால் ரயில்கள் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. எதிலும் ஏறவில்லை.

ஐந்து மணிக்குக் கைப்பேசி அடித்தது.

"ண்ணா, எங்க வந்துக்கினு கீற?"

"கத்திப்பாராவுல மாட்டிக்கினேண்டா. வண்டி நகரவே மாட்டேங்குது."

"பதறாத. அஸர் முடிஞ்சிச்சு. ஹஜ்ரத்து கையக் கால புடிச்சி கொஞ்சம் நிறுத்தி வெக்கறேன்."

தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தைக் கெஞ்சி நிறுத்தி வைத்தான். ஒரு முறையில்லை, இரண்டு முறை. வராத அண்ணனுக்காக அந்தச் சபை முழுவதையும் காக்க வைத்தான். மூன்றாம் முறை அழைத்தபோது அவன் குரல் உடைந்திருந்தது.

"இருட்றதுக்குள்ள எடுக்கணும்றாங்கண்ணா. போனை கட் பண்ணாத. ஜேப்புல வெச்சிக்கறேன். வண்டிலேர்ந்தே கேட்டுக்கோ."

ரயில் வரும் சத்தம் அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று என் பக்கத்து ஒலியை அணைத்தேன். பாருங்கள், அந்த நேரத்திலும் எனக்கு எவ்வளவு புத்தி!

சட்டைத் துணி உரசும் சத்தம். யாரோ இருமினார்கள். பிறகு சலீமின் குரல்.

"எங்க அத்தா பேச்சாலயோ நடத்தையாலயோ உங்கள்ல யாரயாவது நோகடிச்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டோம்" என்று பல குரல்கள் ஒன்றாகச் சொன்னன.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

"எங்க அண்ணன் வழியில இருக்காரு. அத்தாவுக்கும் அவருக்கும் மனஸ்தாபம் இருந்திச்சின்னு உங்களுக்கே தெரியும். அவரு அத்தாவ மன்னிச்சிட்டாரு. இல்லாட்டி இவ்ளோ தூரம் பறந்து வருவாரா? அதுக்கு நான் சாட்சி."

இல்லை, நான் மன்னிக்கவில்லை! நான் வரவில்லை, வந்துகொண்டும் இல்லை! என் பெயரால் என் தம்பி, அத்தாவின் உடலுக்குப் பக்கத்தில் நின்று, பள்ளிவாசலில் ஒரு பொய்க்குச் சாட்சி சொல்கிறான்... அது பொய் என்று தெரியாமல். ஒலியைத் திறந்து ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கத்தவில்லை. தக்பீர் கேட்டது. தொழுகை தொடங்கிவிட்டது.

வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தெருவில் எங்கள் கடை நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "முகத்தப் பாக்காமயே போயிட்டியேடா" என்று அம்மா என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாவம், பாழாய்ப்போன டிராஃபிக் என்று பக்கத்து வீட்டார் உச்சுக்கொட்டினார்கள். அத்தனை அனுதாபத்தையும் குனிந்த தலையோடு ஏற்றுக்கொண்டேன்.

சலீம் என்னை மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போனான். அறையப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தப்பு என்னுதுண்ணா. நீ வேணாம்னு சொன்னாலும் பைக் எடுத்துக்கினு வந்திருக்கணும். சந்து பொந்துல பூந்து உன்ன கொண்ணாந்து சேத்திருப்பேன். என்னாலதான் நீ அத்தாவ பாக்கல."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தக்காரர் யார் விமானத்தில் வந்தாலும் சலீம்தான் போய் அழைத்து வருகிறான். இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் நிற்கிறான். கடையை அப்படியே விட்டுவிட்டுப் போகிறானே என்று அவன் மனைவி என்னிடமே குறைப்பட்டுக்கொள்கிறாள். அத்தாவை நான் மன்னித்தேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. என் கையிலிருந்த அந்தக் கேள்வியைச் சலீம் சபையில் வைத்து முடித்துவிட்டான். இப்போது என்னிடம் இருப்பது நான் அவனுக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு மட்டுமே.

சென்ற மாதம் மனைவியோடும் மகளோடும் வந்திறங்கினேன். வழக்கம்போல் சலீம் நின்றிருந்தான். அடையாறு சிக்னலில் வண்டி நின்றபோது அவன் என் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

"ண்ணா... அன்னிக்கு நான் வராததுக்கு நீ என்ன மன்னிச்சிட்டியா?"

பின்னிருக்கையில் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"எப்பவோ மன்னிச்சிட்டேண்டா" என்றேன்.

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு "தேங்க்ஸ்ணா" என்றான். எங்கள் வீட்டில் அண்ணனுக்குத் தம்பி நன்றி சொல்லும் பழக்கமே கிடையாது. அவன் சொன்னான், நான் அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.