சங்கு ஊதும் வரை

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். மதியம் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் வாசலுக்கு ஓடிவிடுவேன். சாப்பிட வரும் அப்பா, சைக்கிள் முன்கம்பியில் என்னை உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அவருடைய காக்கிச் சட்டையின் கிரீஸ் வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது.

என் எட்டு வயது மகள் கயலை வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். அதனால் கைபேசியில் அதே போன்ற சங்கொலியை அலாரமாக வைத்தேன். அது ஊதும் வரை நாற்காலியை விட்டு எழக்கூடாது என்று அதட்டியதில் அடங்கிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன மாதம் ஒருநாள், அடுப்பில் பால் இருப்பதை மறந்து, கைபேசியோடு மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனேன். அங்கே அலாரம் ஊதியது.

"இன்னாக்கா, ஃபேக்டரி மாதிரி ஊதிக்கினு கீது?" என்று பக்கத்து வீட்டு சாந்தி சிரித்தாள். அதை அணைத்துவிட்டு அவளோடு பேசிக்கொண்டு நின்றேன்.

இறங்கி வந்தால் வீடெல்லாம் கேஸ் நாற்றம். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. கயல் மூக்கைப் பொத்திக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை வெளியே இழுத்துவிட்டு, சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தேன்.

"ஏண்டி, நாத்தம் அடிக்குதே, எந்திரிச்சு வர வேண்டியதுதானே?"

"சங்கு இன்னும் ஊதலையேம்மா."

வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சின்ன வயதில் நான் சங்குக்குப் பயந்து காத்திருக்கவில்லை, அப்பாவுக்காகக் காத்திருந்தேன்.

ஆபத்தென்று தோன்றினால் யாரையும் கேட்காமல் வெளியே ஓடிவிட வேண்டும் என்று கயலுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். சங்கு இப்போதும் ஊதுகிறது. ஊதும்போது நான் சைக்கிளோடு வாசலில் நிற்கிறேன்.