நாலாயிரத்துத் தொண்ணூற்றாறில் நின்ற எண்

1991 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். விட்டு விட்டுத் தூறல். தொழிற்சாலை வாசலிலிருந்து ஸ்டோர்ஸ் வரைக்கும் நான் தாண்டிய குட்டைகள் பதினொன்று. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் பிரேக் உதிரிபாகம் செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. ஸ்டோர்ஸ் பொறுப்பு என்னுடையது. அன்றைக்குத்தான் எங்களுடைய ஒரே கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டினோம்.

இது இப்போது ஞாபகம் வந்ததற்கு என் மகள்தான் காரணம். போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருக்கிற பழைய டெஸ்க்டாப்புக்கு மெமரி கூட்டுவதற்காக அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். சூடேறிய தூசியின் வாசனை வந்தது. எனக்கு உடனே கவலை பிடித்துக்கொண்டது.

"போர்டு எவ்வளவு தாங்கும்னு பாத்தியாம்மா?"

"பாத்துட்டேன்பா. பதினாறு ஜி.பி."

"ஸ்லாட்டை எண்ணிச் சொல்றியா, புத்தகத்தைப் பாத்துச் சொல்றியா?"

"மூணாவது தடவை கேக்கறீங்க."

நான்காவது தடவை. நான் திருத்தவில்லை.

அன்றைக்குத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையிலும் அதே தூசி வாசனைதான், கூடவே சாம்பிராணியும் சேர்ந்திருக்கும். எலக்ட்ரீஷியன் ஏழுமலை வெள்ளிக்கிழமை தவறாமல் புகை போட்டுவிடுவார். பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம். நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு ஷிப்டுக்கு வந்தவர். செருப்பை வெளியே விடாமல் யாரையும் உள்ளே விடமாட்டார், மேனேஜர் உட்பட.

கம்ப்யூட்டரை ஓட்டியவர் வசந்தா. குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். முதலில் பேக்கிங் லைனில் இருந்தவர். மாலை நேரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து இந்த நாற்காலிக்கு வந்தார். அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. எங்கள் ஸ்டோர்ஸில் இருந்த சரக்கு மூவாயிரத்து நூற்று நாற்பது வகை. மாதக் கடைசியில் பட்டியல் போட்டால், இரண்டாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியதும் மெமரி போதாது என்று திரை நின்றுவிடும். தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: நவம்பர் பாதிக்குள் முழுப் பட்டியல் வராவிட்டால் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் போனால் வசந்தா திரும்பவும் பேக்கிங் லைனுக்கு.

மெமரி வாங்க அனுமதி கிடைத்த நாள் சரஸ்வதி பூஜை. அன்றே நான்கு மணிக்குள் சென்னைக்குப் போன் செய்து எத்தனை மெமரித் துண்டு வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைப் பார்க்கலாம் என்று போனேன். ஏழுமலை அதை மற்ற மெஷின் புத்தகங்களோடு சேர்த்து மஞ்சள் துணியில் கட்டி, சந்தனம் வைத்து, மேலே ஒரு முழம் சாமந்தியும் போட்டிருந்தார்.

"ஒரே ஒரு பக்கம் பாக்கணும் ஏழுமலை."

"இன்னா சார் நீங்க, படிச்சவரு! பூஜையில வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்."

"வேணாம் சார்," என்றார் வசந்தாவும். "என் நேரமே சரியில்ல. அத வேற ஏன் கலைக்கணும்?"

எனக்கும் உள்ளூர பயம்தான். மூடியைத் திறந்து எண்ணினேன். துண்டுகளைச் செருகும் ஸ்லாட் மொத்தம் எட்டு; நான்கில் சிறு துண்டுகள், நான்கு காலி. பதினான்கு வருடம் ஸ்டோர்ஸில் இருந்தவனுக்குக் காலி இடம் என்றால் சரக்கு வைக்கும் இடம். பழையதைக் கழற்றிவிட்டு, எட்டிலும் ஒவ்வொரு எம்.பி. போட்டால் எட்டு எம்.பி. போன் செய்து "எட்டு" என்றேன். மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். நானாவது பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஆர்டர்தான் போய்விட்டதே என்ற நிம்மதி.

அந்தச் செவ்வாய்க்கிழமை, சென்னையிலிருந்து இன்ஜினியர் நனைந்துகொண்டே பைக்கில் வந்தார். எட்டுத் துண்டையும் பொருத்தினார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் தன் மெமரியைத் தானே எண்ணும். திரையின் மூலையில் எண் கடகடவென்று ஏறும். எனக்கு அந்த மெஷினில் மிகவும் பிடித்தது அதுதான். என்னைப் போல ஒன்று. ஒரு எம்.பி.க்கு ஆயிரத்து இருபத்துநான்கு கணக்கில், எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் நிற்கும் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

நாலாயிரத்துத் தொண்ணூற்றாறில் நின்றது.

"இன்னா சார், பாதி வயித்தோட எழுந்துக்கிச்சு?" என்றார் ஏழுமலை.

அணைத்துப் போட்டோம். மூன்று முறை. மூன்று முறையும் அதே எண். இன்ஜினியர் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அட்டையில் சந்தனம் காய்ந்திருந்தது.

"சார், ஸ்லாட் எட்டு இருக்கு, வாஸ்தவம். ஆனா இந்த போர்டு மொத்தமா நாலு எம்.பி.தான் பாக்கும். பெரிய துண்டு போட்டா நாலு ஸ்லாட்டோட சரி. சின்னத் துண்டு வச்சிருக்கவங்களுக்குத்தான் மீதி நாலும்." விரலை வைத்துக் காட்டினார். இருபத்துமூன்றாம் பக்கம், கீழிருந்து இரண்டாவது வரி.

எனக்குக் காது சுட்டது. எண்ணுவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் எண்ணிக் கெட்டேன். வசந்தாதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எட்டு எதுக்கு சார்? நாலு போதுமான்னு மொதல்ல பாப்போம். நீங்க அப்படி நின்னுக்கினு இருந்தா எனக்கு வேல ஓடாது. உக்காருங்க."

உட்கார்ந்தேன். வரிகள் ஓடின. வழக்கமாக நிற்கும் இடம் எனக்கு மனப்பாடம்: இரண்டாயிரத்து அறுபத்தொன்று, ரப்பர் வளையம். ரப்பர் வளையம் வந்தது. போனது. ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்து மூவாயிரத்து நூற்று நாற்பதாவதாக ஒரு வாஷர் வந்து நின்றது. பிரிண்டர் கிர்ர் கிர்ரென்று தாளைத் துப்ப ஆரம்பித்ததும் ஏழுமலை ஓடிப்போய்ச் சூடம் எடுத்துவந்தார். இன்ஜினியர் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேக்கிங்ல என் சீட்டுக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லுங்க சார்," என்றார் வசந்தா. அதற்குப் பிறகுதான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதே நாற்காலியில் இன்னும் ஒன்பது வருடம் இருந்தார்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. அதற்கெல்லாம் நான் பெரிதாக வருத்தப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் மூடியைப் போட்டு கம்ப்யூட்டரை எழுப்பியபோதுதான் மனசு ஒரு மாதிரி ஆனது. ஒரு படம் வந்தது, திரை திறந்துவிட்டது.

"எண்ணவே இல்லையேம்மா?"

"உள்ளுக்குள்ளயே எண்ணிக்கும்பா. வெளிய சொல்லாது."

கண்ணெதிரே எண்ணிக் காட்டும் மெஷின் இனி வரப்போவதில்லை.

அந்த நவம்பரில் மிச்சமான நான்கு துண்டுகளையும் நானே சென்னைக்கு எடுத்துப்போய்த் திருப்பினேன். கடைக்காரர் துண்டுக்கு இருநூறு பிடித்துக்கொண்டார். ஸ்லாட்டை எண்ணியவர் கட்டட்டும் என்று மேனேஜர் எழுதிவிட்டார், நியாயம்தான். ஆக எண்ணூறு. பஸ்ஸுக்குப் போக ஐந்தரை, வர ஐந்தரை. டீக்குக் கணக்கில்லை, திரும்பி வந்ததும் வசந்தா வாங்கிக் கொடுத்தார். மொத்தம் எண்ணூற்றுப் பதினோரு ரூபாய்.