முதலாளி அறைத் திரை

சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கம்பிக்காரி. மற்றவர்கள் நிரலை வரி வரியாக எழுதும்போது, இவள் திரையில் கட்டங்களை வரைந்து கம்பியால் இணைப்பாள். பட்டப்பெயர் வைத்தவர் அக்காவின் கணவர். அந்தப் பம்பு ஆலையின் சூப்பர்வைசரும் அவரே. "நான் வாங்கிக் குடுத்த வேலை" என்று ஒன்பது வருடமாக அவள் காதில் ஓதிக்கொண்டிருந்தார்.

அன்று காலை, வாடிக்கையாளர் திருப்பியனுப்பிய பம்பு ஒன்றை அவள் மேசையில் தொம்மென்று வைத்தார். மேலே ஒரு வெள்ளைத்தாள்.

"இதுக்கு நீதான் பாஸ் போட்டிருக்கே. உள்ளே பேரிங் விரிசல். தப்பு என்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா சாயங்காலமே பையைத் தூக்கிட்டுக் கெளம்பு."

"பதிவைப் பாத்துட்டுச் சொல்றேன் அத்தான்."

"இங்கே என்ன அத்தான் பொத்தான்? சார்னு சொல்லு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பதிவைத் திறந்தாள். ஒரு பம்பு ஒரு நிமிடம் ஓடும். நூறு அதிர்வு அளவுகள் வரும். அவற்றை, நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுழல் வாங்கி வரிசையின் கடைசியில் சேர்க்கும். இன்னொரு சுழல் முன்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பதிந்து, பம்பு சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு என்று தீர்ப்புச் சொல்லும். எடுத்த அளவு வரிசையில் இருக்காது. இந்தப் பம்புக்கு நூறு இல்லை, ஐம்பத்தொன்றுதான் இருந்தது.

நிரலின் கட்ட வரைபடத்தைத் திறந்தாள். மூலையில் அவள் வரையாத மூன்றாவது சுழல். அவளுடைய கட்டங்களையே நகலெடுத்து, அவளுடைய வரிசையிலேயே கம்பியைச் செருகியிருந்தார்கள்.

"இது யார் வேலை?"

"முதலாளி ரூம்ல ஒரு திரை கேட்டாரு. மூணு வாரம் முன்னாடி நான்தான் போட்டேன். ஒரே வரிசைதானே, ரெண்டு பேரும் பாத்தா தேஞ்சா போயிடும்?"

"பாத்தாத் தேயாது. எடுத்தாப் போயிடும். பாதி அளவு அங்கே போயிடுச்சு."

"கதை விடாதே. உன் அக்கா வாய் அப்படியே உனக்கும்."

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அவள் அதே பம்பை ஓட்டினாள். நடுவில் ஒரே ஒருமுறை டக்கென்று தட்டியது. அவள் திரையில் பச்சை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், முதலாளி அறைத் திரையில் சிவப்புக் கோடு ஒன்று எகிறி அடங்கியது.

"அட, அதுவா? அப்பப்ப வருமே. அழகுக்குன்னு நெனச்சேன்" என்றார் முதலாளி.

மூன்றாவது சுழலின் கம்பியை அவள் வெட்டினாள். மறுபடி ஓட்டினாள். நூறு அளவுகள், அவள் திரை சிவந்தது.

முதலாளியின் முகம் சுண்டியது. "மூணு வாரச் சரக்கையும் திருப்பி வாங்குங்க" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, அறைக்குப் போய்த் திரையை அணைத்தார்.

"வீட்டுக்கு வா, உன்னை வச்சுக்கிறேன்" என்று உறுமினார் அக்காவின் கணவர்.

அவள் அந்த வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளினாள். பேனாவையும் மூடியைக் கழற்றி வைத்தாள்.

"எழுதுங்க சார்."