கமர்ஜஹான் சிரப்பில் கண்ணாடித் துண்டு

கமர்ஜஹானுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்தால், அதை அவள் அதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. சுவா ஊரில், பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் பிரிகிற சிம்பாங்கில், செம்பனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் சாப்பாட்டுக் கடை அவளுடையது. கடைப் பலகையில் இருப்பதென்னவோ கணவர் சித்திக்கின் பெயர்தான். பலகையோடு அவர் அதிகாரம் முடிந்தது. ரொட்டி சானாய்க்கு மாவு வீசிச் சுடுவது அவர். மற்றதையெல்லாம் முடிவு செய்வது அவள். வயது ஐம்பத்து மூன்று, கணீரென்ற குரல், "எனக்குத் தெரியாதா?" என்று தொடங்காமல் அவளுக்குப் பேச்சே வராது. முக்கால்வாசி நேரம் அவளுக்குத் தெரிந்தும் இருக்கும். அதுதான் சுற்றியிருப்பவர்களுக்கு எரிச்சல்.

அவள் பெயர் பெற்றது சோற்றிலோ கறியிலோ இல்லை, சிவப்பு ரோஜா சிரப்பில். அவள் வாப்பா மஸ்தான் சிரம்பான் ரஹாங்கில் தள்ளுவண்டியில் சர்பத் விற்றவர். அவர் கைப்பக்குவத்தில் பாதி மகளுக்கு வந்தது, மீதிப் பாதியை அவளே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வாப்பா பேருக்குக் கல்கண்டு வைத்துப் பாத்திஹா ஓதுவாள். அந்தக் கல்கண்டைப் பொடித்து, காய்ச்சி ஆறிய சிரப்பில் பிஸ்மி சொல்லி ஒரு சிட்டிகை போடுவாள். ஆறிய பிறகுதான் போடுவாள். ஓதிய பொருளை அடுப்பில் கொதிக்க விட அவளுக்கு மனம் வராது. தோட்டத்துச் சின்னக் கோயிலில் நடக்கும் செபஸ்தியார் திருவிழாவுக்குப் பதினோரு வருஷமாக அவள் சிரப்தான் போகிறது. "கமர் அக்கா ஓதிப் போட்டது" என்று அந்தோனியார் படம் மாட்டிய வீடுகளில்கூடப் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்த வருஷம் இசபெல்லின் மகள் குளோரியாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் முறை நற்கருணை வாங்கும் நாள். இசபெல் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை செய்பவள். அவள் கணவர் சந்தியாகு பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். விருந்துக்குச் சிரப் கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து ரஹாங்கில் இருக்கும் மகள் நூருலுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. விருந்துக்கு மூன்று வாரம் முன்பே சிரப்பைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. இசபெல் வீட்டுக் குளிர்பெட்டியில் இடமும் குறைவு. அதனால் கமர்ஜஹான் வழக்கத்தைவிடச் சீனியை அள்ளிப் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சி, பன்னிரண்டே போத்தலில் அடக்கிவிட்டாள். ஒரு பங்கு சிரப்புக்கு ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சிட்டிகை கல்கண்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, மகளின் பேறுகாலம் பார்க்கக் கிளம்பினாள்.

பேரன் பிறந்து, குளிப்பாட்டி, பெயர் வைத்து, அவள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமைதான் விருந்து. மத்தியானம் கைப்பேசியைத் திறந்தால் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். வெள்ளைத் தட்டில், சிவப்பு ஈரத்தோடு, கூர் கூராகப் பளபளக்கும் துண்டுகள். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "கமர்ஜஹான் சிரப்பில் கண்ணாடி. பிள்ளைகளுக்குக் கொடுக்காதீங்க." அதற்குள் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

பதினோரு வருஷம் சேர்த்த பேர் ஒரே படத்தில் போய்விடும் போலிருந்தது. ஆனால் கலங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் வழக்கமில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சித்திக்கின் மோட்டாரில் பின்னால் ஏறி உட்கார்ந்து, "எடுங்க வண்டிய" என்றாள்.

இசபெல் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தது. வெள்ளை உடுப்பில் குளோரியா அழுது முடித்த முகத்தோடு இருந்தாள். பன்னிரண்டு போத்தலும் மேசையில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் அந்தத் துண்டுகள்.

"அக்கா, பிள்ளை பல்லுல கடக்குன்னுச்சு. தொண்டையில போயிருந்தா என்னா ஆவுறது?" இசபெல்தான் கேட்டாள். கோபத்தைவிடப் பயம்தான் அவள் குரலில் அதிகம் இருந்தது.

"சீனி லா அது" என்றாள் கமர்ஜஹான்.

"சீனியா? எங்க வீட்டுச் சீனி இப்படி இல்லியே."

கமர்ஜஹான் தட்டிலிருந்து பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டாள். அவள் கடித்த சத்தம் கூடாரம் முழுக்கக் கேட்டது. சித்திக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மென்று விழுங்கிவிட்டு, "தித்திக்குது" என்றாள்.

சந்தியாகு சாமானியமாக மசிகிறவர் இல்லை. "அது ஒண்ணு, சரி. மத்த துண்டெல்லாம்?" என்றார்.

"சுடுதண்ணி ரெண்டு கிளாஸ்ல கொண்டா, இசபெல். நீங்க போயி நெசமான கண்ணாடி ஒரு துண்டு கொண்டாங்க."

வேலியோரம் உடைந்து கிடந்த போத்தல் ஒன்றிலிருந்து சந்தியாகு ஒரு சில்லைக் கொண்டுவந்தார். அதை ஒரு கிளாஸில் போட்டாள். தட்டிலிருந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் மற்றதில் கொட்டினாள். இரண்டையும் கரண்டியால் கலக்கினாள். கண்ணாடி டிங் டிங்கென்று சுற்றியது. மற்ற கிளாஸில் முதலில் கூர் மழுங்கியது, பிறகு துண்டுகள் சிறுத்தன, தண்ணீருக்குள் நெளி நெளியாக ஏதோ ஓடுவது தெரிந்தது, பிறகு கரண்டிச் சத்தம் மட்டும்தான். சுற்றி நின்றவர்கள் குனிந்து தேடினார்கள். அடியில் ஒரு பொட்டுகூட இல்லை.

"கண்ணாடி கரையுமா?" என்று கேட்டுவிட்டு, அந்தச் சீனித் தண்ணீரை அவளே குடித்தாள்.

யாரோ கைதட்டினார்கள். படம் போட்டவர் அதை அழித்துவிட்டதாக ஒரு பெண் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னாள். வேறு யாராவது என்றால் அதோடு மோட்டாரில் ஏறியிருப்பார்கள். ஆனால் இசபெல் நாற்றுப் பண்ணையில் ஒவ்வொரு கன்றையும் ஏன் வாடியது என்று பார்க்கிறவள்.

"சீனின்னா சரிக்கா, மனசு ஆறிருச்சு. ஆனா ஏன் வந்துச்சு? பதினோரு வருஷமா வராதது? திருவிழாவுக்கும் வந்தா? சின்னப் பிள்ளைங்க, வயசான ஆளுங்க, கூர்துண்டு லா. சீனியா இருந்தாலும் கிழிக்குமில்ல?"

கமர்ஜஹான் வாயைத் திறந்தாள். "எனக்குத் தெரியாதா" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"தெரியலை" என்றாள்.

சித்திக் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் இந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை.

சந்தியாகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. திருவிழா இன்னிக்குச் சரியா ரெண்டு வாரத்துல. ஏன்னு தெரியாம கமிட்டி வாங்காது. கடைல போத்தல்ல விக்கிற கோர்டியல் சிரப் வாங்கிக்குவோம்."

"ரெண்டு வாரம் எதுக்கு? எட்டு நாள்ல சொல்றேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாள். அது அவள் வழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் யோசனை ஓடியது. பாதி அவளுக்குத் தெரிந்த கதைதான். ஐஸ் கோப்பிக்குச் சீனியைச் சூட்டிலேயே கலக்க வேண்டும். ஐஸ் போட்ட பிறகு கொட்டினால் அடியில் தங்கிவிடும், கடையில் புதிதாக வேலைக்கு வருகிற எல்லாரையும் இதற்காக அவள் திட்டியிருக்கிறாள். சூடான தண்ணீர் கொள்கிற சீனியைக் குளிர்ந்த தண்ணீர் கொள்ளாது. இந்த முறை அள்ளிப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கரைத்தாயிற்று. பிறகு குளிர்பெட்டியில் வைத்தாயிற்று. தாங்காத சீனி வெளியே வந்திருக்கிறது. அதுவரை சரி.

அப்படியே நம்பியும் இருப்பாள், அசர் தொழுதுவிட்டு வந்து தன் குளிர்பெட்டியைத் திறக்காமல் இருந்திருந்தால். பின்வரிசையில் ஒரு ஜாம் போத்தல். அன்று பானையில் மிஞ்சிய சிரப்பை வீட்டுக்கென்று ஊற்றி வைத்தது. அதே பானை, அதே சீனி, அதே மூன்று வாரக் குளிர். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு துண்டும் இல்லை. மாணிக்கக் கல் மாதிரி தெளிந்து கிடந்தது.

"இதுல மட்டும் ஏன் வரலை?" என்றாள் சத்தமாக.

சித்திக் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அதுல நீ கல்கண்டு போடலையே. வீட்டுக்குத்தானேன்னு சொன்னியே" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

கமர்ஜஹான் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாப்பா பேருக்கு ஓதியது, நன்மை சேரட்டும் என்று போட்டது, ஒரு பிள்ளையின் வாயைக் கிழிக்கப் பார்த்ததா? அழக்கூடாது என்றுதான் நினைத்தாள். அழுகை வந்துவிட்டது.

"கல்கண்ட விட்டுடு, கமரு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் சித்திக் மெதுவாக.

"எனக்குத் தெரியும். அது இல்லாம ஊத்த மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கல்கண்டு என்னா தப்புப் பண்ணுச்சு? போட்ட விதம்தான் தப்பு."

அவளுக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. குளிர்ந்த சிரப்பில் இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்கிற சீனிக்கு வெளியே வந்து உட்கார ஓர் இடம் வேண்டும். ஜாம் போத்தலில் அந்த இடம் இல்லை, அதனால் உள்ளேயே நின்றது. மற்ற போத்தல்களில் அவளே ஒரு சிட்டிகை மணிகளைப் போட்டிருந்தாள். ஒவ்வொரு மணி மேலும் சீனி வந்து உட்கார்ந்து உட்கார்ந்து வளர்ந்துவிட்டது. மற்ற வருஷங்களில் சிரப் தண்ணியாக இருந்தது. இடம் நிறைய இருந்ததால் கல்கண்டே கரைந்து போனது. இந்த வருஷம் கரைய இடமில்லை.

அப்படியென்றால் கல்கண்டு மணியாக உள்ளே போகக் கூடாது. கரைந்துதான் போக வேண்டும்.

மறுநாள் காலை ஜாம் போத்தலில் இருந்ததை இரண்டு கிளாஸில் சமமாகப் பிரித்தாள். ஒன்றில் பழையபடி ஒரு சிட்டிகை கல்கண்டு. இன்னொன்றுக்கு, அதே அளவு கல்கண்டை வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு கரண்டியில் போட்டு, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத வரை கலக்கி, மல் துணியில் வடிகட்டி, பிஸ்மி சொல்லி ஊற்றினாள். கொதிக்கவும் இல்லை, மணியாகவும் இல்லை. இரண்டையும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, "இதைத் தொட்டா கைய ஒடிப்பேன்" என்று சித்திக்கிடம் சொல்லி வைத்தாள். அந்த வீட்டில் தொடுவதற்கு வேறு யாரும் இல்லை.

ஒவ்வொரு நாளும் தொழுகை நேரம் மாதிரி ஐந்து வேளையும் திறந்து பார்த்தாள். மூன்றாம் நாள் முதல் கிளாஸில் மணிகள் உளுந்தளவு ஆயின. ஆறாம் நாள் அவற்றுக்கு மூலை முளைத்துவிட்டது. இரண்டாவது கிளாஸில் ஒன்றும் இல்லை. போனில் நூருலிடம் எல்லாவற்றையும் விவரித்தாள்.

"ம்மா, இது நாங்க ஸ்கூல்ல படிச்சது. மலாய்ல லாருத்தான் தெப்புன்னு சொல்லுவாங்க, நிறைஞ்ச கரைசல்" என்றாள் நூருல்.

"பேரு அவங்க என்னா வேணா வச்சுக்கட்டும். படிச்சவ நீ, ஒரு வார்த்தை முன்னாடியே சொன்னியா?" என்று மகளையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

எட்டாம் நாள் இரண்டு கிளாஸும் இசபெல் வீட்டு மேசையில் இருந்தன. கமர்ஜஹான் தன் தப்பைத் தானே சொன்னாள். கல்கண்டு போட்டதையும், இடமில்லாத இடத்தில் போட்டதையும், அழுததைத் தவிர மற்ற எல்லாவற்றையும். இசபெல் முதல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தாள், இரண்டாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். சந்தியாகு ஒரு கரண்டி எடுத்து இரண்டாவது கிளாஸின் அடிவரை விட்டுத் துழாவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"கோர்டியல் வேணாம்" என்றார். "ஆனா இந்த வாட்டி கொஞ்சம் தண்ணியாவே காய்ச்சுங்கக்கா."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் கமர்ஜஹான். அந்தச் சொல் திரும்பி வந்ததில் சித்திக்குக்குத்தான் எல்லாரையும்விட நிம்மதி.

திருவிழா அன்று பூசை முடிந்து ஜனங்கள் வெயிலில் வெளியே வந்தார்கள். சிரப் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது, ஆனால் ஒருவரும் கிளாஸை எடுக்கவில்லை. படம் அழிந்தாலும் பார்த்த கண்கள் மறக்கவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கமர்ஜஹான் அகப்பையோடு நின்றாள்.

இசபெல் குளோரியாவை முன்னால் கூட்டி வந்தாள். ஒரு கிளாஸை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி வெயிலுக்கு உயர்த்தினாள். சிவப்பு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அடியில் ஒன்றுமில்லை.

"அக்கா, ஓதினது போட்டீங்களா?" என்று கேட்டாள், கடைசி ஆள் வரை கேட்கும் குரலில்.

"போட்டிருக்கேன்" என்றாள் கமர்ஜஹான். "தேடாத, கெடைக்காது. ஒவ்வொரு சொட்டுலயும் இருக்கு."

இசபெல் கிளாஸைத் தன் மகளின் கையில் கொடுத்தாள். குளோரியா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாள்.