சாந்தாமணி பொம்மையின் கைத்தட்டு

சாந்தாமணியின் கைத்தட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்னுடையதை வைத்தேன். அவள் பெயரிலேயே வைத்தேன்! இன்றுவரை அவளுக்குத் தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

சாந்தாமணி என் கணவரின் தங்கை. நாங்கள் இருவரும் காரமடையில் ஒரே கும்மிக் குழுவில் ஆடுகிறோம். மொத்தம் பன்னிரண்டு பெண்கள். வாத்தியார் பாட, வட்டமாகச் சுற்றிக் கைதட்டி ஆடுவோம். அந்த ஆட்டத்தைத்தான் நான் கணினியிலும் கைபேசியிலும் ஓடும் விளையாட்டாகச் செய்தேன். ஆளுக்கு ஒரு பொம்மை. நாற்பத்தாறு வயதில், மில் அலுவலக வேலைக்கு நடுவே, நானே கற்று எழுதியது!

ஆனால் பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. வாத்தியார் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பொம்மைங்க எல்லாம் கொசு அடிக்கறாப்ல இருக்குதுங்களே அம்மணி!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாட்டைச் சேர்த்தேன்... பாட்டு முடியும்வரை பொம்மைகள் அசையாமல் நின்றன! பாட்டும் ஆட்டமும் ஒரே நேரத்தில் ஓடும் வழியைக் கண்டுபிடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கண்டுபிடித்த அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் கூடத்தில் கும்மியடித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றேனா? பன்னிரண்டு பேரின் கைத்தட்டையும் தனித்தனியே கைபேசியில் பதிவு செய்தேன். அவரவர் தட்டுக்கு அவரவர் பொம்மை அடியெடுத்து வைக்க வேண்டும். சாந்தாமணியின் தட்டு மட்டும் பிந்தியது; ஒருமுறை கொஞ்சம், மறுமுறை நிறைய. அவள் பொம்மைமேல் அடுத்த பொம்மை மோதி, வட்டமே குலைந்தது. நிஜத்திலும் அவள் அப்படித்தான். "எனக்கு வராதுங்க, நான் குழுவை விட்டு நின்னுக்கறேன்" என்று மாதத்துக்கு ஒருமுறை சொல்வாள்.

அவளைக் கூப்பிட்டு மறுபடி தட்டச் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாக நகர்த்தியிருக்கலாம்... ஏன் செய்யவில்லை? ஊருக்குக் காட்டும் நாள் நெருங்கிவிட்டது. பெயர் வாங்கும் அவசரம். வேறென்ன!

கல்யாண மண்டபத்துப் பெரிய திரையில் பாட்டு எழுந்தது. பன்னிரண்டு பொம்மைகளும் ஒரே தாளத்தில் அடியெடுத்து வைத்தன! கூட்டம் எழுந்து நின்று கூடவே தட்டியது. "சாதிச்சுப்போட்டீங்க அம்மணி!" என்றார் வாத்தியார். அப்படியொரு பெருமிதத்தை என் வாழ்நாளில் நான் அறிந்ததில்லை. இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது, மறைப்பானேன்!

அப்போதுதான் சாந்தாமணி என் கையைப் பிடித்தாள். "ஏனுங்க நங்கை..." அண்ணியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். "அது என்ற கைத்தட்டுதானுங்களா? இத்தனை சுத்தமா விழுகுது!"

"உன்றதேதான் கண்ணு" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

அவள் நம்பினாள். விளையாட்டைத் தன் கைபேசியில் போட்டுக்கொண்டு, தன்னுடையது என்று நினைத்த அந்தத் தட்டோடு சேர்ந்து தினமும் தட்டினாள். தனக்கு ஏற்கனவே வருகிறது என்ற நினைப்பிலேயே கற்றுக்கொண்டாள்! இரண்டே மாதத்தில் கை தாளத்துக்கு வந்துவிட்டது. நின்றுகொள்ளும் பேச்சே இப்போது இல்லை. ஆட்டம் என்றால் வாத்தியாருக்கு நேரெதிரே போய் நிற்கிறாள்.

அப்படியானால் நான் செய்தது நல்லதுதானே? இப்படிச் சொல்லித்தான் மனதைத் தேற்றப் பார்க்கிறேன்... தேறமாட்டேன் என்கிறது. அவளுடைய பழைய பதிவை முழுதாக அழிக்கவும் எனக்குக் கை வரவில்லை.

சென்ற வாரம் கோயில் முன்பு ஆட்டம். மில் வேலை, விளையாட்டு வேலை என்று நான் பயிற்சிக்கே போகவில்லை. நடுவில் எனக்குத் தாளம் தவறியது. முன்னால் ஆடிக்கொண்டிருந்த சாந்தாமணி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ற கையைப் பார்த்துத் தட்டுங்க நங்கை. தப்பாது."

பார்த்துத் தட்டினேன். தப்பவில்லை! அவள் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.